எல்லாம் பைட்கோடுதானே என்பவர்களுக்கு

"ஜாவாவில் எழுதினால் என்ன, ஸ்காலாவில் எழுதினால் என்ன, கடைசியில் எல்லாம் பைட்கோடுதானே?" மென்பொருள் துறையில் பணிபுரியும் நண்பர்களிடமிருந்து இந்த வாக்கியத்தை நாம் பலமுறை கேட்டாகிவிட்டது. சொல்பவர் முகத்தில் ஒரு ஞானியின் சாந்தம் இருக்கும். நதிகள் பல, கடல் ஒன்று என்கிற தோரணை. கேட்பவரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

இதே வாக்கியம் இலக்கியத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். "கருத்துத்தான் முக்கியம், மொழி வெறும் பாத்திரம்" என்பார்கள். ஒரு நல்ல கவிதையை இரண்டு முறை வாசித்தவர் எவரும் அதை ஏற்கமாட்டார். ஆனால் பேச்சு கணினி மொழிக்கு வந்துவிட்டால், கவிதையில் ஒரு சொல்லுக்காக மல்லுக்கு நிற்பவர்கள்கூட மௌனமாகிவிடுகிறார்கள். அது எந்திரத்தின் சங்கதி, அங்கே மொழி வெறும் மேற்பூச்சு என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதும், அதனால் நிஜமான இழப்புகள் நேர்ந்திருக்கின்றன என்பதுமே நமது வாதம்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒவ்வொரு வகைக் கணினிச் சில்லும் தனக்கென்று ஓர் ஆணைத்தொகுதி வைத்திருக்கிறது. பத்து மொழிகளில் எழுதப்படும் நிரல்கள் பத்து வகைக் கணினிகளில் ஓடவேண்டும் என்றால், நூறு மொழிமாற்றிகள் தேவை. நடுவே ஒரு பொது இடைமொழியை வைத்துவிட்டால் இருபது போதும். இந்தக் கணக்கின் கவர்ச்சி பழையது. 1958லேயே அமெரிக்காவில் 'அன்கோல்' என்ற பெயரில் எல்லா மொழிகளுக்கும் எல்லா எந்திரங்களுக்கும் பொதுவான ஓர் இடைமொழியை முன்மொழிந்தார்கள். அது காகிதத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. எழுபதுகளில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பாஸ்கல் மொழிக்கு 'பி-கோடு' என்ற இடைமொழியை வைத்து ஒரு கற்பனை எந்திரத்தை ஓட்டிக்காட்டினார்கள். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோதுதான் இந்த யோசனை உலகைப் பிடித்தது. ஜாவா நிரல் நேராகச் சில்லின் ஆணைகளாக மாறுவதில்லை. முதலில் பைட்கோடு என்னும் இடைமொழியாக மாறுகிறது. அந்தப் பைட்கோடை ஜாவா மெய்நிகர் எந்திரம் ஓட்டுகிறது. எந்திரம் என்று பெயரே தவிர அதுவும் ஒரு மென்பொருள்தான்.

வீடு நன்றாக இருந்தது. நினைவகத்தைத் தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும் வசதி, அடிக்கடி ஓடும் பகுதிகளை ஓடும்போதே வேகப்படுத்திக்கொள்ளும் திறன், பெரும் நூலகம். ஆகவே மற்ற மொழிகளும் குடிவரத் தொடங்கின. பைதான் மொழியின் ஜாவா வடிவமான ஜைத்தான் 1997இலேயே ஜேபைதான் என்ற பெயரில் தொடங்கிவிட்டது. க்ரூவி 2003இலும், மார்ட்டின் ஓடர்ஸ்கியின் ஸ்காலா 2004இலும், ரிச் ஹிக்கியின் க்ளோஷர் 2007இலும் வந்தன. ரூபி மொழிக்கு ஜேரூபி வந்தது. 2011இல் ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனம் காட்லினை அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு 2002இல் டாட்நெட்டை வெளியிட்டபோது, அதன் எந்திரத்தின் பெயரிலேயே 'பொது மொழி' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

பொது என்ற அந்தச் சொல்லில்தான் நமக்குத் தகராறு. இந்த வீடுகளுக்குத் தாய்மொழி உண்டு. ஜாவாவின் எந்திரம் ஜாவாவுக்காகக் கட்டப்பட்டது. வகுப்புகள், வகுப்புக்குள் செயற்கூறுகள், ஒரு வகுப்புக்கு ஒரே பெற்றோர் என்பதெல்லாம் அதன் சுவர்களிலேயே இருக்கின்றன. குடிவரும் மொழி தன் சாமான்களை அந்தச் சுவர்களுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளவேண்டும்.

என்ன வெட்டப்பட்டது என்று பார்ப்போம். ஒரு செயற்கூறு தன் கடைசி வேலையாக இன்னொன்றை அழைக்கும்போது, தனக்காக ஒதுக்கப்பட்ட நினைவிடத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை 'வால் அழைப்பு' என்பார்கள். லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழியின் தரவரையறை இதைக் கட்டாயமாகவே கேட்கிறது. சுற்றுகளுக்குப் பதிலாகச் செயற்கூறு தன்னையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொள்வது அம்மொழிகளின் இயல்பான நடை. ஜாவா எந்திரம் இந்த வசதியைப் பொதுவாக இன்றும் தருவதில்லை. ஆகவே அதே லிஸ்ப் குடும்பத்துக் க்ளோஷர், 'ரிக்கர்' என்றொரு தனிச்சொல்லை வைத்து, 'இங்கே திரும்புகிறேன்' என்று நிரலர் கைப்பட எழுதவேண்டும் என்றது. ஸ்காலாவின் மொழிமாற்றி ஒரு செயற்கூறு தன்னைத்தானே அழைப்பதை மட்டும் சுற்றாக மாற்றிக்கொள்கிறது; இரண்டு செயற்கூறுகள் மாறி மாறி அழைத்துக்கொண்டால் கைவிரித்துவிடுகிறது.

இன்னொன்று. ஒரு செயற்கூறின் பைட்கோடு 65,535 பைட்டுகளைத் தாண்டக்கூடாது என்பது ஜாவா எந்திரத்தின் விதி. கையால் ஜாவா எழுதுபவர் அந்த எல்லையைத் தொடுவது அபூர்வம். தானே நிரலை விரித்து எழுதிக்கொள்ளும் மொழிகளோ அதில் முட்டிக்கொள்கின்றன. உங்கள் பத்தி எவ்வளவு நீளலாம் என்பதை அச்சகம் முடிவு செய்வது போன்ற ஏற்பாடு இது.

மூன்றாவது, 'நல்'. பெயரில் மட்டுமே நன்மை உள்ள இன்மை மதிப்பு. 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக இதைக் கொண்டுவந்த டோனி ஹோர், 2009இல் அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று வர்ணித்தார். இன்மை வரக்கூடிய இடத்தையும் வரக்கூடாத இடத்தையும் பிரித்துக் காட்டுவதே காட்லினின் பெருமை. ஆனால் ஜாவா நூலகத்திலிருந்து ஒரு மதிப்பு வந்தால், அதில் இன்மை உண்டா இல்லையா என்று ஜாவா பொதுவாகச் சொல்வதில்லை. காட்லின் அந்த மதிப்புகளுக்கென்று ஒரு தனி வகையை வைத்துத் தன் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்டது. வேறு வழியும் இருக்கவில்லை. அந்த நூலகத்துக்காகத்தானே குடிவந்தது!

எல்லாவற்றையும்விட வெளிப்படையான சான்று, நிரல் தவறும்போது கிடைக்கிறது. க்ளோஷரில் எழுதிய நிரல் உடைந்தால் திரையில் கொட்டுபவை பெரும்பாலும் ஜாவா வகுப்புகளின் பெயர்கள். க்ளோஷர் மட்டும் படித்து வந்தவருக்கு அவற்றில் பாதி விளங்காது. கனவு காண்பது ஒரு மொழியில், அலறுவது வீட்டுக்காரர் மொழியில்.

மைக்ரோசாஃப்ட்டின் வீட்டில் நடந்தது இன்னும் கூர்மையானது. விஷுவல் பேசிக் அந்நிறுவனத்தின் சொந்தப் பிள்ளை. பெரும் நிரலர் கூட்டம் அதை நம்பி இருந்தது. 2002இல் அதை டாட்நெட்டுக்குள் கொண்டுவந்தபோது மொழியின் சொற்களுக்கே பொருள் மாறியது. 'இன்டிஜர்' என்றால் முன்பு 16 பிட். புதிய வீட்டில் 32 பிட். 'வேரியன்ட்' என்ற வகை நீக்கப்பட்டது. பழைய நிரல்கள் அப்படியே ஓடவில்லை. பெயர் பழையது, இலக்கணம் சி-ஷார்ப்பின் அண்டைவீட்டுக்காரனுடையது என்றாகிவிட்டது. 2020 மார்ச்சில், விஷுவல் பேசிக்கை ஒரு மொழியாக இனி வளர்க்கும் திட்டமில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்திரம் இருக்கிறது, நிரல் இன்னும் ஓடுகிறது. வளர்ச்சி மட்டும் நின்றுவிட்டது. எல்லா மொழிகளும் ஒன்றே என்றால், ஒன்று வளர இன்னொன்று நின்றது எப்படி?

அப்படியானால் எந்த மொழிக்கும் சொந்தமில்லாத, உண்மையிலேயே பொதுவான ஓர் எந்திரத்தைக் கட்டலாமே என்று கேட்கலாம். கட்டிப்பார்த்தார்கள். 2001 ஏப்ரல் முதல் நாள், பெர்லும் பைதானும் இணைந்து 'பேரட்' என்ற மொழியாகின்றன என்று சைமன் கோசன்ஸ் ஒரு முட்டாள்தினக் கேலி எழுதினார். அந்தப் பெயரையே பெர்ல் 6 திட்டத்தின் மெய்நிகர் எந்திரத்துக்கு வைத்து, நெகிழ்வான மொழிகள் அனைத்துக்கும் வீடாக்கும் கனவோடு உழைத்தார்கள். 1.0 பதிப்பு வர 2009 மார்ச் ஆகிவிட்டது. கடைசியில் யாருக்காக முதலில் கட்டினார்களோ அந்தப் பெர்ல் 6 மொழியே, தனக்கென்று உருவான மோர்விஎம் என்ற எந்திரத்துக்குப் போய்விட்டது. 2019இல் அம்மொழியின் பெயர் ராக்கு என்றானது. பேரட்டில் இன்று யாரும் குடியில்லை. எல்லோருக்கும் என்று கட்டியது எவருக்கும் பொருந்தவில்லை.

தாய்மொழி உள்ள வீடு கெட்டது என்பது நம் வாதமல்ல. எரிக்சன் நிறுவனத்தில் எண்பதுகளின் பிற்பாதியில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் தொலைபேசி இணைப்பகங்களை மனத்தில் வைத்து எர்லாங் மொழியை உருவாக்கினார்கள். ஓர் அழைப்பு கெட்டால் மற்ற அழைப்புகள் கெடக்கூடாது. அதனால் அதன் 'பீம்' எந்திரத்தில் சின்னஞ்சிறு வேலைகள் லட்சக்கணக்கில் ஒன்றையொன்று தொடாமல் ஓடும். ஒவ்வொன்றும் தன் நினைவகத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும். ஜோசே வலிம் உருவாக்கி 2014இல் 1.0 பதிப்பைக் கண்ட எலிக்ஸிர், அந்த வீட்டைத் தேர்ந்தது அந்தக் குணத்துக்காகவே. எர்லாங்கின் சிந்தனையைத் தன் சிந்தனையாக ஏற்றுக்கொண்டு, எழுதும் முறையில் தனக்கென்று ஒரு நடையைக் கண்டுகொண்டது. வீட்டின் தாய்மொழி எது என்று தெரிந்து குடிபோனதால் வந்த நன்மை இது. எந்திரம் வெறும் எந்திரம்தான் என்று நினைத்திருந்தால் பீமைத் தேர்வதற்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும் என்பதை அறிவோம். "எந்த மொழியில் எழுதினாலும் கணிக்கக்கூடியவை அனைத்தையும் கணிக்கலாம், இது நிறுவப்பட்ட உண்மை. பிறகு வேறுபாடு எங்கே?" என்பார்கள். கணிக்கலாம்தான். நாவல் முழுவதையும் தந்தி வாசகமாகவும் எழுதலாம். மொழியின் மதிப்பு அது எதைச் சொல்ல அனுமதிக்கிறது என்பதில் பாதிதான் இருக்கிறது. எதைச் சொல்லவிடாமல் தடுக்கிறது என்பதில் மீதி. இன்மை வரக்கூடாத இடத்தில் இன்மையைக் கொடுத்தால் காட்லினின் மொழிமாற்றி அங்கேயே நிறுத்திவிடும். நிறுத்தப்பட்ட அந்த நிரல் பைட்கோடாக ஆவதே இல்லை. பைட்கோடை மட்டும் உற்றுப்பார்ப்பவருக்கு, தடுக்கப்பட்ட ஆயிரம் தவறுகளில் ஒன்றும் கண்ணில் படாது.

இன்னும் நுணுக்கமாகவும் பார்க்கலாம். 2004இல் ஐந்தாம் பதிப்பில் ஜாவாவுக்குப் பொதுவகைகள் வந்தன. சொற்களின் பட்டியல், எண்களின் பட்டியல் என்று நிரலர் பிரித்து எழுதுகிறார், மொழிமாற்றி சரிபார்க்கிறது, ஆனால் எந்திரம் ஓட்டும்போது இரண்டும் வெறும் பட்டியல். பிரித்துக்காட்டிய குறிப்பை அது பொருட்படுத்துவதில்லை. டாட்நெட்டில் அப்படி நடக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த டான் சைமும் ஆண்ட்ரூ கென்னடியும் வகுத்த முறைப்படி, 2005இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து அந்த எந்திரம் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆக, எதை மறப்பது என்பதிலேயே எந்திரங்கள் வேறுபடுகின்றன. மறப்பதையே தொழிலாகக் கொண்ட இடைமொழியைச் சாட்சிக்கு அழைத்து, எல்லா மொழிகளும் ஒன்று என்று தீர்ப்புச் சொல்வது என்ன நியாயம்?

பைட்கோடுதான் எல்லாம் என்றால் ஜாவா தன்னை மாற்றிக்கொண்டிருக்கவே வேண்டியதில்லை. ஸ்காலாவும் க்ரூவியும் க்ளோஷரும் பெயரில்லாச் செயற்கூறுகளை அதே எந்திரத்தில் சரளமாக எழுதிக்காட்டிய பின், 2014இல் எட்டாம் பதிப்பில்தான் அவை ஜாவாவுக்கு வந்தன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2011இல் ஏழாம் பதிப்பில் 'இன்வோக்டைனமிக்' என்ற புதிய ஆணையை எந்திரத்தில் சேர்த்தார்கள். ஜேரூபி, ஜைத்தான் போன்ற நெகிழ்வான மொழிகளின் வசதிக்காக வந்தது அது. மூன்றாண்டுகளில் ஜாவாவே தன் பெயரில்லாச் செயற்கூறுகளுக்கு அதை எடுத்துக்கொண்டது. விருந்தாளிக்காகப் போட்ட கட்டிலில் வீட்டுக்காரரும் படுத்துக்கொண்டார். நமக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் விருந்தாளிகள் வந்திராவிட்டால் அந்தக் கட்டிலே இருந்திருக்காது. குடிவந்த மொழிகள் வெறும் மேற்பூச்சு அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி இழப்புக்கு வருவோம். ஜிம் ஹியூகனின் என்பவர் ஜைத்தானைத் தொடங்கியவர். பைதானில் எண்கணக்குக்கான 'நியூமெரிக்' தொகுப்பை எழுதியவரும் அவரே. இன்றைய நம்பை நூலகத்தின் மூதாதை அது. பின்னர் டாட்நெட்டுக்கு அயர்ன்பைதானையும் எழுதினார். ஒரே மொழியை இரண்டு வீடுகளில் குடியேற்றிய மனிதர். என்ன ஆயிற்று? பைதானின் செல்வம் அதன் இலக்கணத்தில் மட்டும் இல்லை. சி மொழியில் எழுதி அதனோடு பிணைத்த நூலகங்களில் இருக்கிறது. அவை ஜாவா வீட்டுக்குள் வரமுடியாதவை. ஆகவே நியூமெரிக்கை எழுதியவர் தொடங்கிய ஜைத்தானில் நம்பை ஓடுவதில்லை. 2008 இறுதியில் பைதான் 3 வந்தது. ஜைத்தானின் 2.7 பதிப்பு 2015இல்தான் வந்தது. பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிந்தது. ஜைத்தான் இன்னும் அந்த 2.7இலேயே நிற்கிறது. அயர்ன்பைதானை 2010இல் மைக்ரோசாஃப்ட் தன்னார்வலர்களிடம் விட்டுவிட்டது. பைதான் 3இன் வரிசையில் அது ஒரு பதிப்பை எட்ட 2022 இறுதி வரை ஆயிற்று.

அதே ஜாவா வீட்டில், அதே போன்ற நெகிழ்வான மொழிதான் ரூபி. ஜேரூபி மட்டும் 2025இல் பத்தாம் பதிப்பைக் கண்டிருக்கிறது. எந்திரம் ஒன்று, விதி இரண்டு. ஏன்? சார்லஸ் நட்டரும் தாமஸ் எனபோவும் அதை விடாமல் சுமந்தார்கள் என்பதுதான் பெருங்காரணம். 2006இல் சன் அவர்களை வேலைக்கு எடுத்தது. ஆரக்கிள் சன்னை வாங்கவிருந்த 2009இல் எஞ்சின் யார்டுக்குப் போனார்கள். 2012இல் ரெட் ஹாட் ஆதரித்தது. 2024இல் அந்த ஆதரவும் முடிந்தது. வீடு வீடாக மாறியும் அவர்கள் கைவிடவில்லை. ஒரு மொழி உயிரோடு இருப்பது அதைப் பேசிப் பேணும் மனிதர்களால். இடைமொழி அந்த வேலையைச் செய்யாது. "எல்லாம் பைட்கோடுதானே" என்ற வாக்கியம் மறைப்பது இவர்களைத்தான்.

அது வீட்டுக்காரரையும் மறைக்கிறது. ஜாவாவின் மூல நிரல் 2006 இறுதி முதல் திறந்த உரிமத்தில் வெளிவரத் தொடங்கியது உண்மை. ஆனால் 2010 ஜனவரியில் சன் ஆரக்கிளின் கைக்குப் போனது. அதே ஆகஸ்டில் ஆரக்கிள் கூகிள் மீது வழக்குத் தொடுத்தது. ஆண்ட்ராய்டுக்காக ஜாவா நூலகத்தின் அறிவிப்பு வரிகள் ஏறத்தாழ 11,500ஐ எடுத்தாண்டது குற்றமா என்ற கேள்வி, 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்று கூகிள் பக்கம் தீர்ப்பளிக்கும்வரை இழுத்தது. எந்திரம் இயற்கை நிலம் அல்ல; பட்டா உள்ள நிலம்.

இப்போது அந்தப் பழைய வாக்கியம் புதிய பெயரோடு வருகிறது: "எல்லாம் வெப்அசெம்ப்ளிதானே!" 2017இல் முக்கிய உலாவிகளில் இடம்பிடித்த அந்த எந்திரம், முதலில் சி, சி++, ரஸ்ட் போன்ற மொழிகளுக்கே இசைவாக இருந்தது. நினைவகத்தை எந்திரமே பெருக்கிக்கொள்ளும் என்று நம்பி எழுதப்பட்ட மொழிகள், துடைப்பத்தையும் தாமே சுமந்துகொண்டு போகவேண்டியிருந்தது. அதற்கான வசதி உலாவிகளில் 2023இல்தான் வரத் தொடங்கியது. அங்கும் வீட்டுக்கு முதலில் ஒரு தாய்மொழி இருந்தது. மற்றவர்கள் திண்ணையில் காத்திருந்தார்கள்.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. ஒரு மொழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், அது எந்த எந்திரத்தில் ஓடும் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த எந்திரம் யாருடைய மொழிக்காகக் கட்டப்பட்டது, அங்கே குடிபோக இந்த மொழி எதை விட்டுக்கொடுத்தது, நாளை அதைப் பேண யார் இருக்கிறார்கள் என்று மூன்று கேள்விகளையும் கேட்கட்டும். கற்பிப்பவர்கள், "ஜாவா தெரிந்தால் போதும், மற்றவை அதன் மேற்பூச்சு" என்று மாணவர்களிடம் சொல்வதை நிறுத்தட்டும். க்ளோஷரை ஜாவாவாக எழுதுபவர் க்ளோஷரைக் கற்கவில்லை; ஜாவாவை அடைப்புக்குறிகளுக்குள் போட்டிருக்கிறார், அவ்வளவே.

பைட்கோடை வாசிப்பது எந்திரம். நிரலை வாசிப்பவர், ஆறு மாதம் கழித்து அதைத் திருத்த உட்காரும் இன்னொரு மனிதர். அவருக்கு நாம் என்ன சொல்ல நினைத்தோம் என்பது பைட்கோடில் இருக்காது, மொழியில்தான் இருக்கும். இதை மறுப்பவர்கள் அடுத்த முறை ஒரு நிரல் உடையும்போது, மூல வரிகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பைட்கோடை மட்டும் படித்துத் திருத்திக் காட்டட்டும்.